துணைமின் நிலையமும் அண்டை வீடுகளும்: லண்டன் மேஃபேரின் வரலாறு

தொலைவிலிருந்து உயர் அழுத்தத்தில் வந்துசேரும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர், அதாவது மின்மாற்றி வழியே தாழ்த்தி, சுற்றுப்புற வீடுகளுக்குப் பிரித்தனுப்பும் இடமே துணைமின் நிலையம். தாழ்ந்த அழுத்தத்தில் நெடுந்தொலைவு கடத்தினால் மின்சாரத்தின் பெரும்பகுதி கம்பியிலேயே வெப்பமாக வீணாகிவிடும் என்பதால், இந்நிலையம் குடியிருப்புகளை ஒட்டியே அமைய வேண்டியதாயிற்று. அதனால் விளையும் தொல்லையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற சிக்கலும் உடன் எழுந்தது.

லண்டனின் மேஃபேர் பகுதியில், நியூ பாண்டு தெருவிலிருந்த கிராஸ்வெனர் ஓவியக்கூடத்தில் 1880களில் மின்சாரம் உற்பத்தியானது. பின்னர் மின்பொறியாளர் செபாஸ்டியன் டி ஃபெராண்டி, தேம்ஸ் கரையிலுள்ள டெப்ட்ஃபோர்டில் பெரிய மின்நிலையத்தை நிறுவி, 10,000 வோல்ட் அழுத்தத்தில் நகருக்கு மின்சாரம் அனுப்பத் திட்டமிட்டபோது, அந்தக் கூடம் துணைமின் நிலையமாக மாறியது. ஆனால் 1890 நவம்பரில் அது தீக்கிரையாயிற்று. மின் இயந்திரங்களின் அதிர்வும் இரைச்சலும் வழக்குமன்றத்தை எட்டின. லண்டனின் வேறொரு பகுதியில் மதுக்கூடக் குத்தகையாளர் ஒருவர் மின் நிறுவனம் ஒன்றின்மேல் தொடுத்த ஷெல்ஃபர் வழக்கில் (1895), பொதுமக்களுக்குப் பயன்படும் நிறுவனம் என்பதாலேயே இழப்பீட்டுத் தொகையைக் கொடுத்துவிட்டு அண்டையாருக்குத் தீங்கைத் தொடர இயலாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதித் தடையாணை பிறப்பித்தது.

மேஃபேரிலேயே டியூக் தெருவில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. அந்நிலத்தில் 1903 முதல் 1905 வரை துணைமின் நிலையம் எழுந்தபோது, இழந்த தோட்டத்துக்கு ஈடாக அதன் கூரைமேல் கல் பாவிய தோட்டம் அமைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஸ்டான்லி பீச், போர்ட்லேண்ட் சுண்ணக்கல்லில் இரு முனைகளிலும் குவிமாட மண்டபங்களை எழுப்பி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் வைத்தார். கீழே இயந்திரங்கள் ஓட, மேலே குடியிருப்போர் உலவினர். 1980களில் மூடப்பட்ட அத்தோட்டம் 2007இல் மீண்டும் திறக்கப்பட்டது; இன்று அதன் பெயர் பிரவுன் ஹார்ட் தோட்டம்.

நிலமும் தோற்றமும் சார்ந்த இழப்புக்குக் கூரைத்தோட்டம் ஈடாயிற்று; மற்றவை எளிதில் அடங்கவில்லை. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு மின்சுழற்சியிலும் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழுகிறது. அது சுவர் வழியே பரவாதிருக்க, மின்மாற்றி அதிர்வுதாங்கும் மெத்தைகள்மேல் அமர்த்தப்படுகிறது. எண்ணெய் கசிந்தால் மண்ணில் இறங்காதிருக்க, அடியில் தொட்டி கட்டப்படுகிறது. மின்மாற்றி எண்ணெய் தீப்பற்றும் அச்சத்தைப் போக்க 1930களிலிருந்து பி.சி.பி. எனப்படும் குளோரின் கலந்த திரவம் பயன்பட்டது. அது எளிதில் சிதையாமல் உயிரினங்களின் கொழுப்பில் சேர்வது பின்னர் தெரியவரவே, 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பொருள்களில் சேர்த்தது. நிலையத்தைச் சிறிய இடத்தில் அடக்க உதவிய சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவோ, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கவல்லது.

தீயை விலக்க வந்த திரவம் நஞ்சாயிற்று. நிலத்தை மிச்சப்படுத்த வந்த வாயு வளிமண்டலத்துக்குச் சுமையாயிற்று. அதிர்வையும் இரைச்சலையும் மதுக்கூடக்காரர் தாமே உணர்ந்து வழக்குத் தொடுக்க முடிந்தது. அத்திரவத்தையும் வாயுவையுமோ, அளவுக் கருவியும் பன்னாட்டு உடன்படிக்கையும் இன்றி, அண்டை வீட்டார் அறியவும் தடுக்கவும் வழியில்லை.