வலிப்பும் மூச்சும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சில ஆண்டுகளுக்கு முன்னர், வலிப்பு நோயுடைய வாலிபர் ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நாம் நடத்த நேர்ந்தது. இஷாவுக்குப் பின் நலமாக உறங்கச் சென்றவரை, ஃபஜ்ருக்கு எழுப்பச் சென்ற தந்தை மய்யித்தாகவே கண்டார். அடக்கம் முடிந்து திரும்புகையில் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், பிள்ளை மூச்சுக்குத் தவித்திருப்பானோ? அடுத்த அறையில்தானே படுத்திருந்தோம், ஒரு சத்தமும் கேட்கவில்லையே" என்றார். பொறுமையைப் பற்றிக் கூறினோமேயன்றி, கேட்ட கேள்விக்கு விடை நம்மிடம் இருக்கவில்லை. அதைத் தேடிப் படித்தவற்றையே ஜமாஅத்தார்களாகிய உங்கள் முன் வைக்கின்றோம்.

வலிப்பையும் மூச்சையும் இணைத்துப் பேசும் வழக்கம் மிகப் பழமையானது. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில், ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று இந்நோயைக் குறித்தே எழுதப்பட்டது. தெய்வங்களின் கோபத்தால் வருவது என்று மக்கள் நம்பிய நோயை, மூளையிலிருந்து பிறக்கும் நோய் என்று அந்நூல் வாதிட்டது. கபம் இரத்தக் குழாய்களில் இறங்கிக் காற்றின் வழியை அடைப்பதாலேயே நோயாளி பேச்சிழந்து மூச்சுத் திணறுகிறான் என்பது அதன் விளக்கம். விளக்கம் பிழையானது; ஆயினும் பார்த்தவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

அரபியில் இந்நோய்க்கு 'ஸரஉ' என்று பெயர். கீழே வீழ்த்துதல் என்பது அச்சொல்லின் பொருள். இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் இதனைத் தலை சார்ந்த நோய்களோடு சேர்த்தே ஆராய்ந்தார். பின்னர் வந்த இமாம் இப்னுல் கய்யிம் (1292–1350) ஸரஉ இருவகைப்படும் என்றும், அவற்றுள் உடலின் கோளாறால் வருவது மருத்துவர்களுக்குரியது என்றும் பிரித்துரைத்தார். 'ஓதிப் பாருங்கள்' என்று பிள்ளையை நம்மிடம் அழைத்து வருவோரிடம், மாத்திரை கொடுத்தீர்களா என்று நாம் முதலில் கேட்பது இதனாலேயாம். சிலர் அதற்காக மனம் வருந்துவதும் உண்டு.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் திடீரெனவும் மிகையாகவும் எழும் மின்பாய்ச்சலே வலிப்பு என்று 1873இல் வரையறுத்தவர் லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன். 1894இல் வால்டர் ஸ்பென்சர் என்பவர் குரங்கு, நாய், பூனை, முயல் ஆகியவற்றின் மூளையை மின்சாரத்தால் தூண்டி, சுவாசம் மாறுவதைப் பதிவு செய்தார். சிறிய வலிப்புகளிலும் மூச்சடைப்பு நேர்வதைக் குறித்து ஜாக்சன் 1899இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1952இல் காடா, ஜாஸ்பர் ஆகிய இருவரும் மனிதர்களிடமே, மூளையின் பொட்டுப் பகுதியையும் அதன் உட்புறத்தையும் தூண்டும்போது சுவாசம் மாறுவதைக் காட்டினர். இவ்வளவு தெரிந்திருந்தும், வலிப்பு நோயாளியின் மூச்சைக் கவனிப்பதில் மருத்துவ உலகம் நெடுங்காலம் போதிய அக்கறை காட்டவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கை கால்களின் உதறலும் வாயின் நுரையுமே எல்லோர் கண்ணையும் ஈர்த்தன.

2013இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று அந்நிலையை மாற்றியது. மருத்துவமனைகளில் கருவிகளின் கண்காணிப்பில் இருந்தபோதே திடீரென இறந்த வலிப்பு நோயாளிகள் 16 பேரின் பதிவுகள் அதில் திரட்டப்பட்டன. பெரும்பாலான மரணங்கள் இரவில் நிகழ்ந்தவை. போதிய பதிவுகள் கிடைத்தவர்களிடம் பெரிய வலிப்பு ஓய்ந்த பின்னர் முதலில் மூச்சு நின்றது. அதன் பிறகே இதயம் நின்றது. இத்தகைய மரணம் வயது வந்த வலிப்பு நோயாளிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 பேரில் ஒருவருக்கு நேர்வதாக மதிப்பிடுகின்றனர்.

அவ்வாறாயின், மூச்சை நிறுத்துவது எது? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு விடை தந்தனர். மூளையின் உட்புறத்தில் பாதாம் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்னும் சிறு உறுப்பு உண்டு. (அரபியில் பாதாமை 'லவ்ஸ்' என்போம், இன்றைய அரபு மருத்துவ நூல்கள் இவ்வுறுப்பையும் 'லவ்ஸா' என்றே அழைக்கின்றன.) அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தமாக மூளையினுள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம், வலிப்பு அமிக்டலாவை எட்டியபோது மூச்சு நின்றது. அவ்விடத்தை இலேசான மின்சாரத்தால் தூண்டியபோதும் நின்றது. வியப்பு யாதெனில், விழித்திருந்த அந்நோயாளிகள் தாம் மூச்சு விடாதிருப்பதையே அறியவில்லை! 2018இல் வேறொரு குழுவினர், வாயால் மூச்சு விடச் செய்தால் இத்தடையைத் தவிர்க்க முடிவதைக் கண்டனர்.

அயோவா ஆய்வாளர்கள் 2023இல் மேலும் ஒரு படி சென்றனர். 20 நோயாளிகளை ஆராய்ந்ததில், அமிக்டலாவின் குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தூண்டினால், தூண்டுதல் முடிந்த பின்னரும் மூச்சு நெடுநேரம் திரும்பாதிருந்தது தெரியவந்தது. உடலில் கரியமில வாயு பெருகினால் காற்றுக்கான தவிப்பு எழுவது இயல்பு. நாம் மூச்சை அடக்கிப் பார்த்தால் அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ அதை உணரலாம். இவர்களிடமோ வாயு பெருகியும் தவிப்பு எழவில்லை. காரணத்தை அறிய, மூளையைத் தூண்டும் அதே வேளையில் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தனர். இரத்தத்தில் பிராணவாயுவின் மாறுதலைக் கொண்டு, மூளையின் எப்பகுதி மாற்றம் அடைகிறது என்று காட்டும் படம் அது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும், உடலின் உள்நிலையை உணர்த்தும் 'இன்சுலா' என்னும் பகுதியிலும் மாற்றம் தென்பட்டது. மூச்சை இயக்கும் இடமும், மூச்சில்லை என்று உணர்த்தும் இடமும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன என்று இதனால் கருதுகின்றனர்.

இதைப் படித்ததும் அத்தந்தையின் இல்லம் சென்றோம். அன்றிரவு நடந்ததை எவரும் உறுதியாகக் கூற இயலாது; ஆயினும் இவ்வகையில் மூச்சு நின்றிருந்தால் பிள்ளை தவித்திருக்க மாட்டான், அதனால்தான் சத்தமும் எழவில்லை போலும் என்று எடுத்துச் சொன்னோம். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. தவிப்பும் சத்தமும் எழாததால், அடுத்த அறையில் இருப்பது போதாது. இரவில் அதே அறையில் ஒருவர் உடனிருந்தால் ஆபத்து குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நம் பகுதியில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடுவதால் பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது; மூச்சைப் பார்ப்பார் இல்லை. மாத்திரையை ஒரு நாளும் விடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அத்தந்தையிடம் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை. மலரில் எழுதவிருப்பதால், அண்மையில் மீண்டும் சென்று முதலில் அவரிடமே கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எழுதுங்கள் ஹஜ்ரத். நம் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார்.