ஐந்து சென்ட் எட்டிய தூரம்

1850-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், நடுவிலிருந்து எத்திசையில் நடந்தாலும் ஏறத்தாழ இரண்டு மைலுக்குள் முடிந்துவிடும் நகரமாக இருந்தது. வேலைக்கு நடந்து சென்று நடந்தே திரும்பக்கூடிய தொலைவு அதுவே என்பதால், வணிகரின் மாளிகையும் அவரிடம் மூட்டை சுமந்தவரின் வாடகை அறையும் ஓரிரு தெரு இடைவெளியில் அமைந்திருந்தன. நீராவி ரயில் அப்போதே ஓடியபோதிலும், அதன் கட்டணமும் விட்டுவிட்டு அமைந்த நிலையங்களும் அதை வசதி படைத்தோருக்கே உரியதாக்கின. அடுத்த 50 ஆண்டுகளில் அந்த எல்லை பத்து மைல்வரை விரிந்ததற்குத் தெருவில் பதித்த தண்டவாளமே முதன்மைக் காரணம். ஆனால் அந்தத் தண்டவாளம் பயணிகளை எண்ணி மட்டுமே பதிக்கப்பட்டதன்று.

1856-இல் பாஸ்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. இரும்பின்மேல் உராய்வு குறைவு என்பதால், கல் பாவிய தெருவில் இழுப்பதைவிட அதிகப் பாரத்தை அதே குதிரைகளால் இழுக்க முடிந்தது. எனினும் குதிரைக்குத் தீவனம் வேண்டும், லாயம் வேண்டும், நோயும் வரும். 1872-இல் வட அமெரிக்கா முழுவதும் பரவிய குதிரைக் காய்ச்சல் டிராம் சேவையை முடக்கியதோடு, அந்த நவம்பரில் நகரின் வணிகப் பகுதி தீப்பற்றியபோது தீயணைப்பு எந்திரங்களை மனிதர்களே இழுத்துச் செல்லும் நிலையையும் உண்டாக்கியது.

கப்பல் தொழிலதிபரான ஹென்றி விட்னி, 1880-களின் நடுவில் புரூக்லைன் ஊரில் பீக்கன் தெருவை ஒட்டிய நிலங்களை வாங்கிக் குவித்தார். டிராம் அதற்குப் பின்னரே வந்தது. புரூக்லைன், 1873-இல் பாஸ்டனுடன் இணைய மறுத்துத் தனித்து நின்ற செல்வர் ஊர். 50 அடி அகலமிருந்த அத்தெரு, நிலத்தோற்றக் கலைஞர் பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டின் திட்டப்படி 160 அடிச் சாலையாகி, நடுவே டிராமுக்கெனத் தனித் தடமும் பெற்றது. 1887-இல் விட்னி, தம்முள் போட்டியிட்ட டிராம் நிறுவனங்களை வெஸ்ட் எண்ட் தெரு ரயில்வே என்ற ஒரே நிறுவனமாக இணைத்தார். மறு ஆண்டு ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் அமைத்த மின்சார டிராமை நேரில் கண்டு திரும்பிய அவர், 1889-இன் தொடக்கத்தில் பீக்கன் தெருவழியே அதை ஓட்டினார். மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் சிறு உருளைக்கு ‘டிராலி’ என்று பெயர். நாளடைவில் அமெரிக்கர் வண்டியையே அப்பெயரால் அழைத்தனர். நகரின் ஒரு பகுதியில் தரைக்கடியில் மின்சாரம் செலுத்தும் முறையும் முயன்று கைவிடப்பட்டது. 1895-இல் சென்னை டிராமும் இவ்வாறே தரையடி முறையில் தொடங்கிப் பின்னர் மேற்கம்பிக்கு மாறியது.

புறநகரை உருவாக்கியது வேகத்தைவிடக் கட்டணமே எனலாம். எவ்வளவு தூரம் சென்றாலும் ஐந்து சென்ட் என்ற ஏற்பாடு, அருகில் இறங்குபவர் கொடுத்த காசில் தொலைவில் இறங்குபவரைச் சுமந்தது. எங்கோ மலிவாகக் கிடந்த மனைகளுக்கு விலை ஏற்றியதும் அதுவே. 1870 முதல் 1900 வரை ராக்ஸ்பரி, மேற்கு ராக்ஸ்பரி, டார்செஸ்டர் ஆகிய மூன்று பகுதிகளின் மக்கள்தொகை சுமார் 60,000-இலிருந்து 2,27,000-ஆகப் பெருகியது. அங்கு எழுந்த ஏறத்தாழ 22,500 வீடுகளைக் கட்டுவித்தவர்கள் 9,000 பேர் என்பது, சாம் பாஸ் வார்னர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு நூலின் கணக்கு. எவருடைய ஒட்டுமொத்தத் திட்டமும் இன்றி, சிறு முதலீட்டாளர்கள் ஒன்றிரண்டாகக் கட்டிய வீடுகள் தெருத்தெருவாக ஒரே சாயலில் அமைந்தது வியப்புக்குரியது. டார்செஸ்டரில் பெருகிய ‘மூவடுக்கு வீடு’, தளத்துக்கு ஒரு குடும்பமாக மூன்று குடும்பங்கள் வாழும் மரவீடு. உரிமையாளர் ஒரு தளத்தில் குடியிருந்துகொண்டு, மற்ற இரண்டின் வாடகையைக் கொண்டு வீட்டுக் கடனை அடைக்க அது வழிவிட்டது.

அன்றாட ஒழுங்கும் மாறியது. நகரில் வேலை பார்த்தவர் நண்பகல் உணவுக்கு வீடு திரும்புவது இயலாததாயிற்று. காலையும் மாலையும் வேலைக்குச் செல்வோரால் நெரிந்த வண்டிகளில், நடுப்பகலில் வாஷிங்டன் தெருவின் பேரங்காடிகளுக்குப் பெண்கள் சென்றனர். ஓய்வுநாள் வண்டிகளை நிரப்ப டிராம் நிறுவனங்களே கேளிக்கைப் பூங்காக்களை அமைத்தன. 1897-இல் நியூட்டனில் தடத்தின் கோடியில் திறக்கப்பட்ட நோரம்பேகா பூங்கா அத்தகையது. அதே ஆண்டு செப்டம்பரில் டிரெமாண்ட் தெருவுக்கடியில் வட அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில்பாதை திறக்கப்பட்டதற்கு, மேலே டிராம்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்று நகர முடியாமற்போனதே காரணம்.

ஒரே வண்டியில் கொத்தரும் எழுத்தரும் வழக்கறிஞரும் தோளுரச அமர்ந்தாலும், இறங்கிய இடங்கள் வேறு. வேலையிடம் அடிக்கடி மாறியவர்கள், பல தடங்கள் குறுக்கிட்ட உட்பகுதியைவிட்டு வெகுதூரம் செல்ல இயலவில்லை. வேலையும் நேரமும் நிலைத்தவர்களே தடத்தின் கடைக்கோடியில் தோட்டத்துடன் வீடு கட்டினர். தடத்தையொட்டிய நிலம் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருந்த 1918-இல், பொருளாதார நெருக்கடிக்குள்ளான டிராம் சேவையின் நிர்வாகத்தை மாநில அரசு நியமித்த அறங்காவலர்கள் ஏற்றனர். மறு ஆண்டில் கட்டணம் பத்து சென்ட் ஆனது.