விலகல் குற்றமாயிருந்த காலம்

இந்திய நிறுவனங்களின் மனிதவளத் துறைகளில் 'அப்ஸ்காண்டிங்' என்ற சொல் இன்று சரளமாகப் புழங்குகிறது. முன்னறிவிப்புக் காலத்தை முடித்துக்கொடுக்காமல் வேலையை விட்டு நின்றுவிட்டவரை அது குறிக்கிறது. குற்ற நடைமுறைச் சட்டத்திலோ அதே சொல் பிடியாணைக்குத் தப்பித் தலைமறைவானவரைச் சுட்டும். வேலையை விட்டவரும் தேடப்படும் குற்றவாளியும் சட்டத்தின் பார்வையில் ஏறத்தாழ ஒருவராகவே இருந்த காலம் இந்நாட்டில் உண்டு.

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் எனப்பட்டது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலைசெய்ய மறுத்தால், முதலாளி நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி என்று நடுவர் ஆணையிடுவார். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கு அச்சட்டத்தில் அத்தகைய தண்டனை எதுவுமில்லை. 1865ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஓடிப்போன தொழிலாளியைப் பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரத்தை அசாம் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கே அளித்தது. அந்த அதிகாரம் 1908இல்தான் விலக்கப்பட்டது.

இங்கிலாந்தில் வேலை ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையை 1875ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. அந்நாட்டவர் ஆண்ட இந்தியாவிலோ அது மேலும் அரை நூற்றாண்டு நீடித்தது. 1921 மே மாதத்தில், கூலி உயர்வு கிடைக்காத நிலையில், சர்கோலா பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறி ஊர் திரும்பப் புறப்பட்டனர். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் தங்கியிருந்தவர்களைக் கூர்க்காப் படையினர் தாக்கினர். பின்னர் காலராவும் பரவியது. முறையாக விலகும் வழி எதுவும் இல்லாதபோது, கூட்டமாக நடந்து வெளியேறுவதே அவர்களின் விலகல் கடிதமாயிற்று.

1859ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் இயற்றப்பட்டு, 1926 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வேலையை இடையில் விடுவது உரிமையியல் வழக்குக்கு உரிய செய்தியாக மட்டுமே நின்றது. இழப்பீடு கோரலாம்; ஆளைப் பிடித்துவந்து வேலைவாங்க முடியாது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், மாத ஊதியம் பெறும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பை விதித்தன. முதலாளி நீக்கினாலும் தொழிலாளி விலகினாலும் அதே ஒரு மாதம். அறிவிப்புக்கு ஈடாக ஊதியம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளவும் வழிவகை இருந்தது.

இணக்கமான விலகல் என்று இன்று பேசப்படும் பண்பு இந்தச் சமநிலையிலிருந்தே பிறக்கிறது. தொண்ணூறு நாள் முன்னறிவிப்பை ஊழியர்மீது மட்டும் சுமத்தி, விடுவிப்புக் கடிதத்தைப் பிணையாகப் பிடித்துவைக்கும் நிறுவனம் அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. சிறைத்தண்டனை நீங்கி ஏறத்தாழ நூறாண்டு ஆகியும், குற்றவாளிக்கு உரிய சொல் மட்டும் அலுவலகக் கோப்புகளை விட்டு இன்னும் விலகவில்லை.