வெங்காயமும் வாக்குச்சீட்டும்: சனாதிபதித் தேர்தல்களில் யாழ்ப்பாணம்

இலங்கையில் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறை, அதாவது மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படும் ஒருவரே அரசின் தலைவராகவும் நிர்வாகத்தின் தலைவராகவும் விளங்கும் முறை, 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பால் உறுதிபெற்றது. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்ளும் இத்தேர்தலில் தம்மவர் ஒருவர் வெல்லுதல் நடவாதது என்பதைத் தமிழர் அறிந்தே வாக்களித்து வந்துள்ளனர். ஆகவே வடபகுதி வாக்காளர் ஒருவரை ஆதரித்த காரணத்தை இனப்பற்று என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட இயலாது.

1982 அக்டோபர் 20 அன்று நடைபெற்ற முதல் தேர்தலே இதற்குச் சான்று. நாடளாவிய நிலையில் 52.9 விழுக்காடு பெற்று வென்ற ஜே. ஆர். ஜெயவர்த்தன, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுடன் மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். அவருடைய ஆட்சியில், 1981இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டிருந்ததால் அதில் வியப்பில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் 40 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றதும் எதிர்பார்க்கக்கூடியதே. வியப்புக்குரியவர், 35 விழுக்காடு பெற்று இரண்டாமிடத்தில் நின்ற ஹெக்டர் கொப்பேகடுவ ஆவார். அவர் சார்ந்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஆட்சியிலேயே, தமிழர் ஏற்க மறுத்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும், பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த ‘தரப்படுத்தல்’ முறையும் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் அதே ஆட்சி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாக வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வற்றாத ஆறில்லாத குடாநாட்டின் செம்மண் நிலத்தில் கிணற்றுநீர் இறைத்துப் பயிரிட்ட தோட்டக்காரர்கள் முன்னொருபோதும் காணாத விலையைக் கண்டனர். அன்றைய விவசாய, காணி அமைச்சர் கொப்பேகடுவ. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தபின் அவ்விலை நிலைக்கவில்லை. ஜெயவர்த்தன ஆட்சியின் மீதான சினம் மட்டுமே காரணமாக இருந்திருப்பின், அந்த வாக்குகளும் பொன்னம்பலத்தையே சேர்ந்திருக்கும். கொப்பேகடுவவைத் தேடிச் சென்றவற்றில் பெரும்பகுதி தோட்டத்து வாக்குகள் என்றே கொள்ள வேண்டும். கொள்கை அறிக்கைகளை மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம்.

உள்நாட்டுப் போர் இக்கணக்கை மாற்றியது. 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நிலைப்பாட்டால் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 1.2 விழுக்காட்டினரே. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர் பதிவாகியிருந்த அம்மாவட்டம் ஒதுங்கி நிற்க, மகிந்த ராஜபக்ச சுமார் 1.8 இலட்சம் வாக்கு வேறுபாட்டில் ரணில் விக்கிரமசிங்கவை வென்றார். 2010இல், போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவு நிலைப்பாட்டையொட்டி, யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவருள் 64 விழுக்காட்டினர் தெரிவு செய்தமை, அவர்மீது கொண்ட நம்பிக்கையால் அன்று. ராஜபக்சவை அகற்ற வேறு வழியில்லாமையால் என்பது தெளிவு. வாக்களிக்க வந்தவர்களே மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கினர்தாம். 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்குக் கிடைத்த 74 விழுக்காடும், 2019இல் சஜித் பிரேமதாசவுக்குக் கிடைத்த 84 விழுக்காடும் ராஜபக்ச குடும்பத்தின் மீதான அதே எதிர்ப்பின் தொடர்ச்சியே.

2024 செப்டம்பரில் எதிர்க்கப்பட வேண்டிய ஒருவர் என்று எவரும் முன்நிற்காத நிலையில், அந்த ஒருமுகப்பாடு கலைந்தது. சஜித் பிரேமதாச சுமார் 1.21 இலட்சமும், தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரன் 1.16 இலட்சமும், ரணில் விக்கிரமசிங்க 84 ஆயிரமும் பெற்றனர். நாட்டின் சனாதிபதியான அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணம் அளித்தவை 27 ஆயிரம் வாக்குகளே. ஆயினும், அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அம்மாவட்டத்தின் ஆறு இடங்களுள் மூன்றை அவருடைய தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது.