தொட்டி விலாங்கு கால்வாய்க்குப் போன கதை

வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறவர்களில், பாம்பு மாதிரி நெளிகிற சேற்று விலாங்கையும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை தப்பில்லை. ஆனால் அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டு வளர்ப்பது நல்லது.

சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெல் வயல்தான் இந்த மீனுக்கு வீடு. உழவர்கள் அதைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். தண்ணீர் வற்றினால் சேற்றில் வளை தோண்டிக் கிடக்கும். வாயாலேயே காற்றை இழுத்து மூச்சுவிடும். ஈரம் இருந்தால் தரையிலும் ஊர்ந்து போகும். 1793இல் ரஷ்ய நாட்டு இயற்கையியல் அறிஞர் சூயெவ் இதைப் பற்றி எழுதி, அறிவியல் பெயர் வைத்தார். பெண்ணாக வளரும் விலாங்கு பிற்பாடு ஆணாக மாறுகிற விந்தையை 1944இல் சீன அறிஞர் லியூ ஜியான்காங் எடுத்துச் சொன்னார்.

1900க்கு முன்பே ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் உணவுக்காக இதை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் கதை வேறு. 1994இல் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குப் பக்கத்துக் குளங்களில் இது தென்பட்டது. யாரோ தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் விட்டிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். 1997இல் புளோரிடாவில் வடக்கு மயாமிக் கால்வாய்களிலும், டாம்பா பக்கத்திலும் கிடைத்தது. மரபணுவைச் சோதித்தால், எல்லாம் ஒரே வழிவந்த மீன்கள் அல்ல! தனித்தனியே, பல தடவை வந்து சேர்ந்தவை. அதாவது, தவறு ஒரு முறையோடு நிற்கவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்துக்குள் விலாங்கு புகுந்துவிட்டது. அங்கே ஒரு பகுதியில் இது பெருகியபின், நீரில் வாழும் கிரேஃபிஷ் வகைகளும் சில சிறு மீன்களும் பெருமளவு சரிந்துபோனதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவற்றைத் தின்று குஞ்சு வளர்க்கிற கொக்கு, அரிவாள்மூக்கன் போன்ற பறவைகள் என்ன செய்யும்? சேற்றுக்குள் ஒளிகிற மீனை வலைபோட்டு ஒழிக்கவும் முடியாது. வயலில் அதைக் காப்பாற்றிய குணமே அயல் நீரில் வினையாகிவிட்டது, பார்த்தீர்களா?

ஆகவே வளர்க்கிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேணும். தொட்டியை இறுக்கமாக மூடுங்கள். சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். மூச்சுவிட, தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்றிடம் விடுங்கள். அடியில் மெல்லிய மணலும், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் போடுங்கள். கப்பி போன்ற பொடி மீன்களைக் கூட விட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். விலாங்கின் வாயில் அடங்காத, வம்புக்குப் போகாத பெரிய மீன்தான் அதற்குத் துணை.

வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ கொடுத்துவிடுங்கள். “பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்” என்று ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அது பிழைத்துக்கொள்ளும், அங்கே ஏற்கெனவே இருக்கிற உயிர்கள்தான் பிழைக்காது.