ராகமாலிகை வந்த வழி

ஒரு பாட்டு ஒரு ராகத்தில் தொடங்கி, அதிலேயே வளர்ந்து, அதிலேயே முடிவது கர்நாடக இசையின் பொது வழக்கம். ராகமாலிகை அதற்கு விலக்கு. பல்லவி ஒரு ராகத்திலும் அனுபல்லவி வேறொன்றிலும் சரணங்கள் தனித்தனி ராகங்களிலும் அமையும். தாளம் பெரும்பாலும் மாறாது. தாளமும் சேர்ந்து மாறினால் அது ராகதாளமாலிகை. எத்தனை ராகங்கள் வரலாம் என்பதற்கு வரம்பில்லை. மூன்று ராகங்களில் அமைந்த பாட்டும் உண்டு, நூற்றெட்டில் அமைந்ததும் உண்டு. ஆனால் ராகங்கள் கூடக்கூடப் பாட்டு உயர்ந்துவிடுவதில்லை. முந்தைய ராகம் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது அங்கே இடம்பிடித்தாக வேண்டும். அந்தச் சந்தி எப்படி அமைகிறது என்பதைக் கொண்டே ஒரு ராகமாலிகையை மதிப்பிட முடியும்.

இந்த எண்ணம் பழையது. தேவகிரி யாதவர் ஆட்சியில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’, பல ராகங்கள் கலந்து வரும் பிரபந்தத்தை ராககதம்பம் என்ற பெயரில் குறிப்பிடுகிறது. ஒரு பண்ணிலிருந்து இன்னொரு பண்ணுக்குப் பெயரும் முறையைத் தமிழர் அதற்கும் முன்பே வகுத்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஸ்வரங்களின் பெயர் தாங்கி வட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் முறையே ஆதாரமாகக் கொண்டால் ஏழு பாலைகள் பிறக்கும். இன்றைய வித்வான்கள் இதைக் கிரகபேதம் என்கிறார்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்தசாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்ததன்யாசி. ஐந்து ஸ்வரங்களுக்குள் ஐந்து ராகங்கள் உறவாடுகின்றன. ராகத்துக்கு ராகம் போவதற்கான வழி ஸ்வரங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று வழங்கும் ராகமாலிகைக்கு உருவம் கொடுத்ததில் திருவாரூர் ராமசாமி தீட்சிதருக்குப் (1735–1817) பெரும் பங்கு உண்டு. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவராகப் போற்றப்படும் அவர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது 108 ராகங்களும் 108 தாளங்களும் கொண்ட ராகதாளமாலிகை ஒன்றை இயற்றினார். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் அதன் 61 பகுதிகளே உள்ளன. எஞ்சியவை கிடைக்காமற்போனது தமிழ்நாட்டு இசைக்குப் பேரிழப்பு.

கூடிச் செய்யும் பழக்கமும் அந்த வீட்டில் இருந்தது. ஸ்ரீரஞ்சனி ராகத்தில் ராமசாமி தீட்சிதர் தொடங்கிய சௌக வர்ணம் ஒன்றில், சரணத்தின் முதல் ஸ்வரப் பகுதி வரை அவருடையது. இரண்டாவதைச் சியாமா சாஸ்திரியும், மூன்றாவதை ராமசாமி தீட்சிதரின் மகன் சின்னசாமி தீட்சிதரும், நான்காவதை இன்னொரு மகன் முத்துசாமி தீட்சிதரும் சேர்த்தார்கள். இது ஒரே ராகத்தில் அமைந்த வர்ணம்தான். என்றாலும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுப்பது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலையாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனார். திருவாரூருக்கு அருகிலுள்ள குழிக்கரை விசுவநாதர்மீது அவர் பாடிய சதுர்தச ராகமாலிகையில் 14 ராகங்கள். பதினான்கு உலகங்களை நினைவூட்டும் எண் இது. பல்லவியில் ஸ்ரீ, ஆரபி என இரண்டு. அனுபல்லவியில் கௌரி, நாட்டை, கௌளை, மோகனம் என நான்கு. சரணத்தில் சாமா, லலிதா, பைரவம், சாரங்கா, சங்கராபரணம், காம்போஜி, தேவக்ரியா, பூபாளம் என எட்டு. ஒவ்வொரு அங்கமும் முந்தையதைப் போல் இரு மடங்கு. ஒவ்வொரு ராகத்தின் பெயரும் சாகித்தியத்துக்குள்ளேயே பொருளோடு பொதிந்து வருகிறது. இதற்கு ராகமுத்திரை என்று பெயர். சாகித்தியம் முடிந்ததும் அந்த ராகத்திலேயே சிட்டைஸ்வரம் வரும். கடைசியில், பூபாளத்தில் தொடங்கி ஸ்ரீராகம் வரை பதினான்கு ராகங்களும் தலைகீழ் வரிசையில் ஒவ்வொரு சிறு ஸ்வரத் துணுக்காகத் திரும்பி வருகின்றன. ஏறிப்போன படிகள் எல்லாம் இறங்கும்போது மீண்டும் காலில் தட்டுப்படுகின்றன. பல நிமிடங்களில் விரிந்த பாட்டு சில ஆவர்த்தனங்களில் சுருங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. ராகமாலிகை இலக்கணத்துக்கு இதுவே அளவுகோல். பின்னால் வந்தவர்கள் ராகங்களைக் கூட்டினார்கள். இந்தச் செறிவை மிஞ்சவில்லை.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) பத்து அவதாரங்களுக்குப் பத்து ராகங்கள் என்று பொருளையொட்டி ராகங்களைக் கோத்தார்.

எண்ணிக்கையில் பெரிய முயற்சி தஞ்சாவூரில் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களை (தாய் ராகங்களை) வகுத்திருந்தார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட மராட்டிய அரசர் சிவாஜியின் மருமகன் சகாராம் சாகேப், அந்த 72 மேளங்களுக்கும் லாவணி வேங்கடராவைக் கொண்டு மராத்தியில் ஒரு பாட்டு எழுதச் செய்தார். அதற்கு இசையமைத்தவர் வையைச்சேரி மகா வைத்தியநாதையர் (1844–1893). பாட்டு ஒரு மனிதரைப் புகழ்ந்தது அவருக்கு உறுத்தியது. அதே அமைப்பை வைத்துக்கொண்டு, திருவையாற்று இறைவனான பிரணதார்த்திஹரர்மீது வடமொழியில் புதிதாகச் சாகித்தியம் செய்தார். அதுவே இன்று மேளராகமாலிகை என்று பாடப்படுகிறது. மேள வரிசை கனகாங்கியில் தொடங்கி ரசிகப்ரியாவில் முடியும் இதிலும் ராகப் பெயர்கள் சாகித்தியத்தில் பொதிந்துள்ளன.

இந்த வரிசையை அவர் தம் விருப்பப்படி அமைக்கவில்லை. மேளகர்த்தாக் கணக்கே அதைத் தீர்மானித்தது. அதில்தான் சிக்கலும் இருக்கிறது. 28ஆம் மேளம் ஹரிகாம்போஜி, 29ஆம் மேளம் சங்கராபரணம். ரிஷபம் முதல் தைவதம் வரை இரண்டுக்கும் எல்லாம் ஒன்றே; நிஷாதம் மட்டும் கைசிகியிலிருந்து காகலிக்கு மாறுகிறது. ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை தள்ளி விரல் வைப்பதுதான் வேறுபாடு. இவ்வளவு நெருங்கிய இரண்டை அடுத்தடுத்துப் பாடும்போது ஒன்று மற்றதில் கரைந்துபோகாமல் காப்பாற்ற வேண்டும். இப்படி எழுபத்தொரு சந்திகள். பாடம் செய்வதற்கே மாதக்கணக்கில் உழைப்பு தேவை. எம்.எஸ். சுப்புலட்சுமி இதைப் பதிவு செய்து தந்திருப்பது கற்பவர்களுக்குப் பெரும் துணை. பிற்காலத்தில் கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தனித்தனிக் கீர்த்தனைகளைத் தமிழில் இயற்றி, ‘கந்தகானாமுதம்’ ஆக்கினார்.

20ஆம் நூற்றாண்டில் ராகமாலிகை கச்சேரி மேடைக்கு நெருக்கமானது. சாவேரியில் பாடப்பட்டுவந்த சுவாதித் திருநாளின் ராமாயணக் கீர்த்தனையை, செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி என ஏழு ராகங்களாக மாற்றி அமைத்தார். காண்டத்துக்குக் காண்டம் ராகம் மாறும் அந்த வடிவமே இன்று எங்கும் ஒலிக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடியும் அந்த வரிசை மார்கழி மாதம் முழுவதற்கும் ஒரு மாலையாகிவிட்டது. ராஜாஜி எழுதிய ‘குறை ஒன்றும் இல்லை’க்குக் கடையநல்லூர் வெங்கட்ராமன் சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என மூன்றே ராகங்களைக் கோத்தார். மூன்று போதும் என்று உணர்ந்தது அவருடைய பெருமை.

திரைப்படமும் இந்த மரபை வாங்கிக்கொண்டது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ பாட்டில், தோடி, தர்பார், மோகனம், கானடா என்ற பெயர்கள் வரும் இடங்களில் மெட்டும் அந்தந்த ராகத்துக்கு மாறுகிறது. தீட்சிதர் கையாண்ட ராகமுத்திரையே இது. கொட்டகையில் பாட்டைக் கேட்டவர்கள் பெயரையும் ராகத்தையும் சேர்த்தே மனத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

எழுதி வைக்காத ராகமாலிகையும் இருக்கிறது. விருத்தம் பாடும்போது தாளம் இல்லை; அடிக்கு அடி ராகத்தைத் தேர்ந்தெடுப்பது பாடுபவரின் உரிமை. ராகம் தானம் பல்லவியில் தாளம் உண்டு. மூல ராகத்தில் ஸ்வரம் பாடிய பிறகு மூன்று நான்கு ராகங்களுக்குப் போய்வருவது வழக்கம். திரும்பும்போது சிலர் அதே ராகங்களைத் தலைகீழ் வரிசையில் தொட்டு மூல ராகத்தில் வந்து சேர்வார்கள். அடுத்தது எந்த ராகம் என்று வயலின்காரருக்குப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடகரின் முதல் சில ஸ்வரங்களிலேயே அவர் அதைப் பிடித்துக்கொண்டு, தம் முறை வரும்போது அதே ராகத்தில் பதில் வாசித்தாக வேண்டும்.