லயக்காம்பராவில் ஒரு வால்வு வானொலி

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாக நாடும் சாசனங்கள் சில உண்டு. ஆணைக்குழு அறிக்கைகள், தேயிலை இறப்பர் விலைப் பட்டியல்கள், சட்டசபை விவாதங்கள், துரைமார் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் ஆகியனவே அவை. இவற்றுள் பெரும்பாலானவை தொழிலாளியைப் பற்றிப் பிறர் எழுதியவை. தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள்கள் வரலாற்றாசிரியரின் மேசைக்கு வருவது அரிது. அப்பொருள்களுள் ஒன்றாகிய வால்வு வானொலியை இங்கே ஒரு சாசனமாகக் கொண்டு படிக்க முனைகிறோம். படிப்பதற்குத் திருப்புளியும் மீற்றரும் வேண்டியிருக்கும்.

தெரணியகலை, கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், சீதாவக்கை ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் உள்ளது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர்; நூரி, மாலிபொட போன்ற மேட்டுப் பகுதிகளில் தேயிலை. தென்மேல் பருவக்காற்று நேரே மோதும் இடமாதலால் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. இந்த மழையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வானொலியைத் திறக்கும்போது மீண்டும் அது நம் முன் வந்து நிற்கும்.

தோட்டம் என்பது அக்காலத்தில் வேலி போடப்பட்ட ஒரு தனி உலகம். வெளியார் உள்ளே வருவதற்குத் துரையின் அனுமதி வேண்டும்; அனுமதியின்றி நுழைந்த தொழிற்சங்க ஊழியர் மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. பெரட்டுக் களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் சொல்வதே செய்தி. பெரிய கங்காணி வீட்டுத் திண்ணையில் பேசப்படுவதே உலக நடப்பு. அத்தகைய உலகத்தினுள் எவருடைய அனுமதியையும் கேளாமல் நுழைந்த முதல் வெளியார் வானொலி அறிவிப்பாளரே எனலாம். ஆனால் அவரும் அவ்வளவு இலகுவாக நுழைந்துவிடவில்லை.

இலங்கையில் ஒலிபரப்பு மிக முந்தியே தொடங்கிவிட்டது. எட்வேர்ட் ஹாப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி நிலையத்தைத் தேசாதிபதி ஹியூ கிளிபோர்ட் தொடக்கி வைத்தார். அந்நாளில் அது கொழும்புக் கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கும் தோட்டத்துப் பங்களாக்களுக்கும் உரிய பொழுதுபோக்காகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றிற்று. தென்கிழக்காசியப் படையினருக்காக நிறுவப்பட்ட சீயாக் வானொலியின் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஏக்கலையில் எழுந்தது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949 ஒக்டோபரில் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. அடுத்த ஆண்டில் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று.

இந்த 1949 என்ற ஆண்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலிருந்து ஏழு பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடிக்கு வெளியே நின்றார்கள். வானொலி அரசாங்கத் திணைக்களமாகித் தமிழில் பேசத் தொடங்கிய அதே வேளையில், அதைக் கேட்க வேண்டியவர்களுள் பத்து இலட்சம் அளவினர் அவ்வரசாங்கத்தின் பிரசைகளாக இல்லை. சோப்பும் பற்பசையும் வாங்கும் பாவனையாளர் என்ற தகுதி மட்டும் அவர்களுக்கு மறுக்கப்படவில்லை.

இனி மின்சாரத்துக்கு வருவோம். மலைநாட்டு ஓடைகளில் நீர்ச்சக்கரங்களையும் சிறு நீர்விசைப் பொறிகளையும் அமைத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இலங்கையில் இத்தகைய அமைப்புகள் பல நூறு இருந்தன. அந்த மின்சாரம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் ஒளி கொடுத்தது. 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர விரிவாக எடுத்துரைத்த இலக்சபானைத் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது, தேயிலை மலைகளின் நீரே மின்னாகிக் கொழும்புக்குச் சென்றது. மலைச்சரிவில் வரிசையாக நின்ற லயங்களிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரும்பாலான லயங்களுக்கு மின்விளக்கு வருவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. எனவே பங்களாவின் வானொலியும் லயத்தின் வானொலியும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்க முடியவில்லை. முன்னது சுவரிலுள்ள மின்சாரத்தில் இயங்கிற்று, பின்னது பற்றரியில்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழ். அதனுள்ளே இழையொன்றைச் சூடாக்கினால் இலத்திரன்கள் வெளிப்படும். அவற்றை எதிரேயுள்ள தகட்டுக்கு இழுப்பதற்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகவே பற்றரிப் பெட்டிக்கு இரண்டு உணவுகள் தேவைப்பட்டன. இழையைச் சூடாக்க 1.5 வோல்ற், தகட்டுக்கு 90 வோல்ற். இந்த 90 வோல்ற் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொன்றும் 1.5 வோல்ற் தரும் 60 சிறு கலங்களை ஒரு காகிதப் பெட்டிக்குள் தொடராகக் கோத்து வைத்தனர். செங்கல் போன்று கனத்த அந்தப் பற்றரியை வாங்க ஒரு தொழிலாளி பல நாட் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. தீர்ந்துபோனால் எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இது தெரணியகலைக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. அதே 1949இல் வட ரொடீசியாவின் தகவல் அதிகாரியான ஹாரி பிராங்ளின், ஆபிரிக்க மக்களுக்காக 5 பவுண் விலையில் ஒரு பற்றரி வானொலியைச் செய்விக்கத் தூண்டினார். பிரித்தானிய பற்றரிக் கம்பனியொன்று, கைப்பிடி பொருத்தப்படாத சமையற் சட்டியின் உடலையே கூடாகக் கொண்டு அதைச் செய்தது. ஆதலால் அதற்குச் 'சட்டி வானொலி' என்றே பெயர் விழுந்தது. குடியேற்ற ஆட்சி தன் செய்தியைப் பரப்புவதற்காக மலிவாக்கிய கருவி அது. எனினும், பெட்டியை ஒருமுறை விற்றுப் பற்றரியைப் பலமுறை விற்பதில் கம்பனிக்கும் நட்டமில்லை.

தெரணியகலைக் கடைவீதியிலும், கங்காணிமார் வீடுகளிலும், பிறகு சில லயக்காம்பராக்களிலும் இத்தகைய பெட்டிகள் வந்தமர்ந்தன. ஒருவர் வாங்கினால் ஒரு லயமே கேட்டது. 1952 முதல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கியதால், தமிழகத்து நேயர்களும் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடலின் இருகரைக்கும் பொதுவாயிற்று. திரைப்பாட்டு மோகம் தொழிலாளரை மயக்கிற்று என்று முற்போக்காளர் சிலர் குறைகூறியதுண்டு. அது முழு உண்மையன்று. கூலி உயர்வு, வேலைநிறுத்தம், 1964 ஒக்டோபரின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்பவற்றையும் அதே பெட்டிதான் சொல்லிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தம்மைக் கூறுபோட்ட கணக்கை, தம்மிடம் ஒரு சொல்லும் கேளாமல் முடித்துவிட்ட கணக்கை, எத்தனை குடும்பங்கள் இந்த 90 வோல்ற்றின் உதவியால் கேட்டிருக்கும்!

இப்பெட்டிகளுள் எஞ்சியவை சிலவே. திரான்சிஸ்டர் வந்ததும் பற்றரி வால்வுப் பெட்டியின் காலம் முடிந்தது. ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தட்டுமுட்டுப் பொருள்களைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்கள் தாக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டபோது எஞ்சியவற்றுள்ளும் பல போயின.

அந்தப் பக்கத்து லயமொன்றிலிருந்து தப்பிவந்த ஒரு பெட்டி அண்மையில் நம் கைக்கு வந்தது. நான்கு வால்வுகள் கொண்டது. பழைய பெட்டி கிடைத்தவுடன் மின்னைக் கொடுத்துப் பார்ப்பதே பலரும் செய்யும் காரியம், அது கூடாது. முதலில் பின்பலகையைக் கழற்றிக் கரப்பான் எச்சத்தையும் தூசியையும் மென்தூரிகையால் அகற்றினோம். பின்னர் வால்வுகளின் இழை அறாமல் இருக்கின்றதா என்று சோதித்தோம். இவ்வகை வால்வின் இழை தலைமயிரினும் நுண்ணியது. 25 மில்லி அம்பியரில் இயங்குவது. சில மீற்றர்கள் தடையை அளக்கும்போது செலுத்தும் மின்னோட்டமே அதை எரித்துவிடும் ஆதலால் இடையில் ஒரு தடையைச் சேர்த்தே அளந்தோம். நான்கும் உயிரோடிருந்தன. இது நற்பேறுதான். 90 வோல்ற் கம்பியைத் தவறுதலாக 1.5 வோல்ற் இடத்தில் கொடுத்துவிட்டால் நான்கு வால்வும் ஒரே நொடியில் எரிந்துபோகும். அப்படி மாண்ட பெட்டிகள் பல.

60 கலப் பற்றரி இன்று கடைகளில் இல்லை. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களில் இடும் 9 வோல்ற் பற்றரி பத்தைத் தொடராக இணைத்தால் 90 வோல்ற் ஆகிவிடும். இந்த 90 வோல்ற்றைத் தொட்டால் அதிர்ச்சி உண்டு. மாணவர்கள் தனியே செய்து பார்க்க வேண்டாம்.

மின் கொடுத்ததும் பெட்டி கரகரத்துப் பேசிற்று. ஆயினும் 10 மில்லி அம்பியர் அளவில் நிற்க வேண்டிய 90 வோல்ற் ஓட்டம் அதன் இருமடங்கை நெருங்கிற்று. காரணம் கடைசி வால்வுக்கு முன்னாலுள்ள ஒரு சிறு கண்டென்சர். காகிதத்தைச் சுருட்டி மெழுகிட்டுச் செய்தது அது. ஒலியலையை மட்டும் கடத்தி, நேர்மின்னைத் தடுத்து நிறுத்துவதே அதன் கடமை. மழைநாட்டின் ஈரம் ஆண்டுக்கணக்கில் மெழுகினுள் புகுந்து காகிதத்தை நனைத்துவிட்டது. தடுக்க வேண்டிய மின் கசிந்தது, கடைசி வால்வு அளவுக்கு மீறி மின்னை உறிஞ்சிற்று, ஒலி சிதைந்தது, பற்றரி விரைவில் தீர்ந்தது.

இங்கேதான் நாம் தேடிய சாசனம் வாய் திறந்தது. பின்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் தேதிகள் குறிக்கப்பட்டிருந்தன. பற்றரி மாற்றிய தேதிகள் அவை. தொடக்கத்தில் இடைவெளி நான்கைந்து மாதங்கள்; பின்னர் மூன்று; முடிவில் இரண்டும் இல்லை. பற்றரி ஏன் இத்தனை விரைவில் தீர்கிறது என்று அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? இரவில் பாட்டுக் கேட்ட பிள்ளைகளைக் கடிந்திருப்பார்கள். அடுத்த காம்பராவாரை அழைத்துக் கேட்பிக்கும் வழக்கத்தைச் சுருக்கியிருப்பார்கள். உண்மையில், குளிர்ந்த வறண்ட நாட்டுக்காகச் செய்த சில சதக் காகிதச் சுருள் ஒன்று, பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் ஈட்டிய கூலியை ஒவ்வோர் இரவும் ஓசையின்றிக் குடித்துக்கொண்டிருந்தது. வெப்பமண்டலத்துக்கென ஈரம் புகாதபடி அடைத்த கண்டென்சர்கள் அக்காலத்திலேயே இருந்தன. போர்க்காலத்தில் படையினரின் கருவிகளுக்கு அவை பயன்பட்டன.

அப்பெட்டியில் இன்னொருவர் கையும் தென்பட்டது. தடையொன்று மாற்றப்பட்டிருந்தது, ஈயம் தாராளமாக வைக்கப்பட்டிருந்தது, அறுந்த முள் நூலுக்குப் பதிலாக மீன்பிடி நூல் கட்டப்பட்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த 1970களில், உதிரிப் பாகமும் வரைபடமும் இன்றி எங்கோ ஒரு கடைத்தெரு மூலையில் இதைச் செய்தவர் யாரோ! பொறியியல் நூல்களில் அவருக்கு இடமில்லை. கசிந்த கண்டென்சரை அவர் கண்டறியாமல் விட்டது அவர் குற்றமன்று. அதைக் காட்டும் மீற்றர் அவரிடம் இருந்திருக்க மாட்டாது.

பழையதைப் புதுப்பிப்போரிடையே ஒரு விவாதம் உண்டு. வெளித்தோற்றம் மாறாதிருக்க, பழைய மெழுகுக் கூட்டைக் குடைந்து புதிய பிளாத்திக்குக் கண்டென்சரை உள்ளே மறைப்பார் சிலர். நாம் அவ்வாறு செய்யவில்லை. புதியது புதியதாகவே தெரியும்படி வைத்தோம். மீன்பிடி நூலை மாற்றவில்லை. அது நன்றாகவே உழைக்கிறது. இடைநிலைச் சுருள்களின் திருகாணிகளையும் தொடவில்லை. தளர்ந்திருக்கிறதென்று அவற்றை இறுக்கி ஒத்திசைவைக் கெடுப்போர் இன்றும் உளர். பின்பலகையைத் துடைக்காமல் அப்படியே பொருத்தினோம்.

கண்டென்சரை மாற்றியபின் மின்னோட்டம் 10 மில்லி அம்பியருக்குக் கீழே இறங்கிற்று. மத்திய அலையில் இன்று நிலையங்கள் குறைந்துவிட்டன. பகலில் இரைச்சலே மிகுதி. இரவு எட்டு மணிக்குப் பின் முள்ளை மெல்ல நகர்த்தினால், கடலுக்கு அப்பாலிருந்து தமிழ் கேட்கிறது.